யாரும் குடியிருக்காத வண்டி

லைமா, ஒஹாயோ
செப்டம்பர் 12, 2010

அன்புத் தம்பி லோரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, நடமாடிக்கொண்டிருக்கிறேன். உன் முதுகுவலி எப்படி? ஜோவானும் பிள்ளைகளும் சுகம்தானே?

போன செவ்வாய்க்கிழமை வங்கிக்காரன் வந்து வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனான். உன் மச்சான் விர்ஜிலின் ஆஸ்பத்திரிச் செலவு அவனோடு முடியவில்லை, வீட்டையும் தின்றுவிட்டது. போனில் சொல்ல வாய் வரவில்லை. அழுது முடித்தாயிற்று. அவனுடைய இன்சூரன்சில் மிஞ்சியதை முன்பணமாகக் கட்டி ஒரு வீட்டுவண்டி வாங்கப் போகிறேன். கட்டில், அடுப்பு, கழிவறை, கேஸ் ஹீட்டர் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. நீ வேலை பார்க்கும் கம்பெனியின் வண்டிதான். மூன்று வருடமாக விற்காமல் நின்றதாம். ஆனாலும் புதுசு என்கிறான் டீலர்.

"டயருலேருந்து கூரை வரைக்கும் ஒரு வருஷம் வாரண்டிம்மா. ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்" என்று சொல்லிச் சிரித்தான். பல் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஐம்பத்தாறு வயதில் இனி எனக்கென்று இருக்கப்போகும் ஒரே கூரை இது. ஏதாவது கெட்டால் கைக்காசு போட்டுச் சரிசெய்ய வழியில்லை. நீ வாரண்டி ஆபீசிலேயே உட்கார்ந்திருப்பவன். எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று எழுது.

உன் வீட்டுக்குப் பின்னால் அந்த வால்நட் மரத்தடி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறதா? சும்மா கேட்டேன்.

எல்லோருக்கும் என் முத்தங்கள்.
அக்கா மார்லிஸ்


நப்பனி, இந்தியானா
செப்டம்பர் 20, 2010

அக்கா,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு வெகுநேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு முதுகு பரவாயில்லை. தொழிற்சாலை லைனில் வண்டி கட்டிய காலத்து வலி, போகாது. நீ சாப்பிடுகிறாயா?

வாரண்டி என்பது ஒரு காகிதம் இல்லை அக்கா, நாலு காகிதம். இஞ்சினும் சக்கரமும் ஒருவன் பொறுப்பு. அதன்மேல் உட்கார்ந்திருக்கும் வீடு எங்கள் கம்பெனி. ஹீட்டர் செய்தவன் வேறு. விஷவாயு கசிந்தால் கத்துகிற கருவி இன்னொருவன். ஒன்று கெட்டால் நாலு பேரும் அடுத்தவனைக் கைகாட்டுவார்கள். அப்படிக் கைகாட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அதைவிட முக்கியம், பதினோராம் பக்கத்தின் கடைசிப் பத்தி. "இவ்வண்டி உல்லாசப் பயணத்துக்கு மட்டுமே. எவரேனும் இதில் நிரந்தரமாகக் குடியிருந்தால் இவ்வுத்தரவாதம் செல்லாது." யாரும் படிப்பதில்லை. வீடு பறிபோனவர்கள்தான் இப்போது இந்த வண்டிகளை வாங்குகிறார்கள். அது கம்பெனிக்குத் தெரியும், தெரிந்துதான் விற்கிறான். அந்தப் பத்தியை எழுதி வைத்ததும் தெரிந்துதான். புகார்ப் படிவத்தில் ஏழாம் கேள்வி, "வண்டியில் யாராவது குடியிருக்கிறார்களா?" என்பது. அங்கே "ஆம்" என்று வந்தால் மற்ற கேள்விகளை நான் படிக்கவே வேண்டியதில்லை. ஒரே கடிதம் இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றி அனுப்புவேன்.

அதனால் நீ அங்கே குடியிருக்கவில்லை. சுவரில் படம் மாட்டாதே. பல் துலக்கும் பிரஷைக் கைப்பையில் வைத்துக்கொள். யாரிடமும் அதை வீடு என்று சொல்லாதே. வண்டி ஒரே இடத்தில் நின்றால் மைல் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும், வாரம் ஒருமுறை நாற்பது மைலாவது ஓட்டு. ரோடு நல்லதா கெட்டதா என்று பார்க்காதே.

இதை எல்லாம் போனில் பேச வேண்டாம். என் போன் ஆபீஸ் கொடுத்தது. வாங்கியவர்களுக்கு வழி சொல்லிக்கொடுக்கிறேன் என்று தெரிந்தால் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். தபாலில் எழுது. படித்ததும் கிழித்துப் போடு.

மரத்தடி காலிதான். ஆனால் ஆள் தங்கும் வண்டியை வீட்டு மனையில் நிறுத்தக் கூடாது என்று இங்கே சட்டம். ஜோவான் உன்னை விசாரித்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
லோரன்


ஆற்றோர வண்டி முகாம், கென்டக்கி
அக்டோபர் 17, 2010

அன்புத் தம்பிக்கு,

நான் நலம், பூனை டீக்கனும் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு பெரிய கிடங்கில் கிறிஸ்துமஸ் வரை வேலை. பார்சல் பொறுக்கிக் கொடுக்க வேண்டும், பத்து மணி நேரம் நடை. முகாமில் அறுபது வண்டி நிற்கிறது. எல்லோரும் என்னைப் போல வீடு தொலைத்தவர்கள். ஆனால் கேட்டால் எல்லோருமே டூர் வந்தவர்கள்! உன் ஆபீஸ் பார்த்தால் நாடே உல்லாசமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும்.

நீ சொன்னபடியே செய்கிறேன். காலையில் எழுந்ததும் படுக்கையைத் தட்டி, ஆள் படுக்காத மாதிரி இழுத்துவிடுகிறேன். கோப்பையைக் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கிறேன். விர்ஜிலின் படம் என் கோட்டுப் பையில் இருக்கிறது. ஞாயிறுதோறும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகும் குழி விழுந்த சாலையில் நாற்பது மைல் ஓட்டிவிட்டு அதே இடத்தில் வந்து நிறுத்துகிறேன். எலும்பெல்லாம் கழன்றுவிடும் போல இருக்கிறது. பக்கத்து வண்டி ஓபல், முப்பது வருடம் பள்ளிப் பஸ் ஓட்டியவள், கையைக் காட்டிக் கத்துகிறாள்: "ஏண்டி மார்லிஸ், கொண்டுபோய்க் கொண்டுபோய் அதே குழியில நிறுத்துறதுக்கு எதுக்குடி பெட்ரோல்? ஆளே இல்லாத வண்டிலேருந்து ராத்திரி குறட்டைச் சத்தம் வேற கேக்குது!"

உன் கடிதங்களைக் கிழிக்க மனம் வரவில்லை. கைப்பையில் வைத்திருக்கிறேன், கோபிக்காதே.

பிள்ளைகளுக்கு முத்தம்.
அக்கா


அதே முகாம்
நவம்பர் 14, 2010

அன்புத் தம்பிக்கு,

பதில் வரவில்லையே, உனக்கு வேலை அதிகம் என்று நினைக்கிறேன். முதுகு எப்படி? எனக்கு இரண்டு வாரமாகத் தலைவலி, வேறொன்றுமில்லை.

குளிர் வந்துவிட்டது, ஹீட்டர் போட ஆரம்பித்தாயிற்று. நன்றாகச் சூடு தருகிறது. ஆனால் டீக்கன் உள்ளே வர மாட்டேன் என்கிறது. தூக்கிக்கொண்டு வந்தால் கையைக் கீறிவிட்டு ஓடிப்போய் டயருக்கு அடியில் உட்கார்ந்துகொள்கிறது. உறைபனியில் மீசை வெள்ளையாகி, கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்க்கிறது.

நீ சொன்ன அந்த விஷவாயுக் கருவி ஹீட்டர் போட்ட முதல் வாரமே கத்தத் தொடங்கியது. உங்கள் ஆபீஸ் எண்ணுக்குப் போன் செய்தேன். நீ எடுத்துவிடுவாயோ என்று பயம். ஒரு சின்னப் பெண் எடுத்தாள்.

"கருவியா? அது நாங்க இல்லை மேடம், அதைச் செஞ்சவங்ககிட்ட கேளுங்க. பெரும்பாலும் பேட்டரிதான். நீங்க எங்கேருந்து பேசுறீங்க?"

"வண்டியிலேருந்துதான்."

"சரி, உங்க வீட்டு விலாசம்?"

"டூர்ல இருக்கேம்மா."

"எத்தனை நாளா?"

"இப்பதான் வந்தோம்."

"வந்தோம்னா? உங்ககூட யார் இருக்காங்க மேடம்?"

போனை வைத்துவிட்டேன். "வந்தோம்" என்று ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

கருவியைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். தூங்கவிடவில்லை, வேறென்ன செய்ய?

எல்லோரும் சுகமாக இருங்கள்.
அக்கா


நப்பனி
நவம்பர் 24, 2010

அக்கா,

முதுகு அப்படியே. உன் தலைவலிக்கு டாக்டரைப் பார். கருவிக்குப் புதுப் பேட்டரி போட்டு மறுபடி மாட்டு.

வண்டியை டீலரிடம் காட்டு. டூர் முடிந்து வந்தேன் என்று சொல். ஓட்டுநர் பக்கத்துக் கதவின் உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கட்டிய மாதமும் கடைசி நாலு எண்ணும் எழுது.

உன் வண்டி மூன்று வருடம் நின்றது என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய்.

பிள்ளைகள் சுகம்.
லோரன்


அதே முகாம்
டிசம்பர் 3, 2010

அன்புத் தம்பிக்கு,

உங்கள் எல்லோரின் நலத்துக்கும் ஒரு ஜெபம் சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன். கை கொஞ்சம் நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

டீலரிடம் போனேன். "ஆறு வாரம் விட்டுட்டுப் போங்கம்மா. டூர் வண்டிதானே, என்ன அவசரம்?" என்றான். அந்த ஆறு வாரம் நான் எங்கே படுப்பது என்று கேட்க முடியுமா? கேட்டால் அதுவே ஏழாம் கேள்விக்குப் பதில். சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ கேட்டது: 2007 மார்ச். கடைசி எண் 4471.

டாக்டருக்குக் காசில்லை. வேடிக்கை என்னவென்றால் கிடங்குக்குப் போனால் தலைவலி போய்விடுகிறது, வண்டிக்கு வந்தால் வந்துவிடுகிறது. ஓபல் சொல்கிறாள், "கம்பெனி வேலை பாத்து உடம்பு தேறின மொதல் மனுஷி நீதான்டி. உன் படத்தைச் சுவத்துல ஒட்டப் போறானுங்க."

தம்பி, நீ சிரிக்க மாட்டாய் என்றால் ஒன்று சொல்கிறேன். வண்டியில் யாரோ இருக்கிறார். நான் குடியிருக்கவில்லை என்று தினமும் ஒத்திகை பார்த்துப் பார்த்து, குடியிருப்பது வேறு யாரோ என்றாகிவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஹீட்டர் போட்டுக் கொஞ்ச நேரமானால், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். முதலில் விர்ஜில் என்று நினைத்தேன். இல்லை, இவன் இளையவன். தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருக்கிறான். காதில் ஒரு பென்சில் செருகியிருக்கிறது. என்னைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தையே பார்க்கிறான். எங்கோ போக அவசரம் போல இருக்கிறது. பயம் இல்லை. யாரோ ஒருவர் இருக்கிறாரே என்றுதான் தோன்றுகிறது.

எல்லோருக்கும் அன்பு.
அக்கா


நப்பனி
டிசம்பர் 9, 2010
விரைவுத் தபால்

அக்கா,

இதைக் கையில் வாங்கியதும் ஹீட்டரை அணைத்துவிடு. மறுபடி போடாதே. ஜன்னலைத் திற. ஓபலின் வண்டியில் போய்ப் படு, இல்லை என்றால் ஒரு கரண்ட் ஹீட்டர் வாங்கிக்கொள், நாற்பது டாலர் உள்ளே வைத்திருக்கிறேன். உன் போனுக்கு அடித்தேன், எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. முகாம் ஆபீசில் மூன்று தடவை தகவல் சொல்லியிருக்கிறேன், சொன்னார்களா?

காரணத்தை நேரில் சொல்கிறேன். எழுத முடியவில்லை. 18ஆம் தேதி சனிக்கிழமை எனக்கு லீவு, மதியத்துக்குள் வந்துவிடுவேன். ஹீட்டரின் மூடியை நீ திறக்காதே, நான் வந்து பார்க்கிறேன். நீ திறக்கவே வேண்டாம்.

சட்டம் கிடக்கட்டும், வண்டியை மரத்தடியில் நிறுத்தலாம். ஜோவானிடம் பேசிவிட்டேன்.

உடம்பைக் கவனி. கவனி அக்கா.
லோரன்


அதே முகாம்
டிசம்பர் 14, 2010

என் அன்புத் தம்பிக்கு,

நீ நலம்தானே? உன் கடிதத்தைப் பார்த்து நான்தான் பயந்துபோனேன். முகாம் ஆபீசில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மூன்று நாள் நீ சொன்னபடி இருந்தேன். ஓபலின் வண்டியில் அவள் மகள் குடும்பம் வந்து இறங்கியிருக்கிறது, நிற்கக்கூட இடமில்லை. கரண்ட் ஹீட்டர் போட்டால் எங்கள் வரிசைக்கே ஃப்யூஸ் போய்விடுகிறது. நேற்று என் போர்வை மூச்சுப் பட்ட இடத்தில் உறைந்து கிடந்தது. ஆனாலும் தலைவலி இல்லை. அந்த இளைஞனும் வரவில்லை. அவன் வராதது ஒரு மாதிரி இருந்தது.

திறக்காதே என்று நீ இரண்டு முறை எழுதியிருந்தாய். ஒரு முறை எழுதியிருந்தால் விட்டிருப்பேன். இன்று காலை மூடியைக் கழற்றினேன். உள்ளே, இரும்புத் தகட்டில், பென்சிலால் எழுதியிருக்கிறது: "ஒரு மணிக்கு வீட்டில்." அதற்கு அடியில் ஒரு சிரிக்கும் முகம்.

லோரன், உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அம்மா வேலைக்குப் போன பிறகு உன் வீட்டுப்பாடத்துக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவள் நான். கிறுக்குகிற போதும் அந்தச் சிரிக்கும் முகத்துக்கு ஒரு காதை மட்டும் போடுவாயே!

இதைத்தான் நேரில் சொல்வதாக இருந்தாயா? ஆச்சரியப்படுத்தவா? உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில். நாலு காகிதமும் போகட்டும். எனக்குத் தெரியாத எவனோ கட்டிய வண்டியில் இல்லை, என் தம்பி கையால் வைத்த ஹீட்டரின் முன்னால் இருக்கிறேன். இதைவிட என்ன வாரண்டி வேண்டும்? மேசையில் உட்கார்ந்திருந்தவன் யார் என்பதும் புரிந்துவிட்டது. அவனைப் பார்த்து ஏன் பயம் வரவில்லை என்பதும்.

மூடியை மாட்டிவிட்டு ஹீட்டரைப் போட்டேன். இப்போது இதமாக இருக்கிறது. சனிக்கிழமைக்குக் கோழி நூடுல்ஸ் செய்து வைக்கிறேன். ஒரு மணிக்கு எதிர்பார்க்கிறேன். லைனில் வேலை பார்த்த நாளில் சரியாக அந்த நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று ஜோவான் பெருமையாகச் சொல்வாள்.

வழியில் பனி, மெதுவாக ஓட்டு.
அக்கா


அதே முகாம்
ஜனவரி 8, 2011

லோரன் தம்பிக்கு,

ஓபல் எழுதுகிறேன். உடம்பு எப்படி என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை, கேட்டாயிற்று என்று வைத்துக்கொள். எனக்கு மூட்டுவலி.

பூனையை நீ கூட்டிக்கொண்டு போனது நல்லது. மார்லிசின் கைப்பையை இத்துடன் அனுப்புகிறேன். அதிலிருந்த உன் கடிதங்களை ஷெரீப் ஆள் வருவதற்கு முன்னாலேயே எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். அவள் பதினோராம் பக்கத்தை எனக்கும் சொல்லியிருந்தாள்.

பதினேழாம் தேதி சாயங்காலம், அவள் கடிதம் கிடைத்த கையோடு நீ வந்து கதவை உடைத்தாயே, அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. உன்னை ஆஸ்பத்திரி வண்டியில் அவள் உடலோடு அனுப்பிவிட்டார்கள். ஷெரீப் ஆள் உள்ளே போய் ஒரு மணி நேரம் தேடினான். வெளியே வந்து தொப்பியைக் கழற்றினான்.

"இதுல யாரு குடியிருந்தது?"

"மார்லிஸ்தான். மூணு மாசமா."

"அப்படித் தெரியலையேம்மா. ஒரு துணி இல்லை, ஒரு படம் இல்லை, பல் துலக்குற பிரஷ்கூட இல்லை. ஷோரூம் மாதிரி இருக்கு. அடுப்புல ஒரு பானை, மேசையில ரெண்டு தட்டு, அவ்வளவுதான்."

பிரஷ் அவள் கோட்டுப் பையில் விர்ஜில் படத்தோடு இருந்தது. நான்தான் எடுத்துக் காட்டினேன்.

ஹீட்டரின் புகைக்குழாய் சுவரிலிருந்து கழன்று உள்ளே ஊதிக்கொண்டிருந்ததாம். விபத்து என்று எழுதிக்கொண்டான். ஆனால் தம்பி, நீ கதவை உடைத்ததும் அவளிடம் போகவில்லை. முதலில் ஹீட்டரிடம் போனாய். எங்கே கை வைக்க வேண்டும் என்று உன் கைக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தெம்பில்லை. இப்போது கேட்கிறேன். உனக்கு எப்படித் தெரியும்?

கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.
ஓபல்


நப்பனி
ஏப்ரல் 2, 2011

மதிப்புக்குரிய ஓபல் அக்காவுக்கு,

உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மூன்று மாதம் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். பதில் எழுதாமல் இருப்பது எனக்குப் பழகிய வேலை.

எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். அந்தக் குழாயைச் சுவரோடு பிடித்துவைக்கும் வளையத்துக்கு நாலு திருகாணி. நாங்கள் இரண்டு போடுவோம். எங்களுக்கு மணிக்கணக்குச் சம்பளம் இல்லை, வண்டிக்கணக்கு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வண்டி முடித்தால் ஒரு மணிக்கு வீட்டில் இருக்கலாம். நாலு போட்டால் மூன்று மணியாகிவிடும், பின்னால் நிற்பவன் திட்டுவான். மேஸ்திரிக்குத் தெரியும், கம்பெனிக்கும் தெரியும். இரண்டு திருகாணி நின்ற வண்டியைத் தாங்கும். வாரம் நாற்பது மைல் சுரங்கச் சாலையில் குலுக்கினால் தாங்காது. குலுக்கச் சொன்னவனும் நான்தான்.

2007 மார்ச் என்று என் அக்கா எழுதியதும் தெரிந்தது, அப்போது லைனில் ஹீட்டர் மாட்டியவன் நான். காதில் பென்சில் என்று எழுதியதும் என் கை அந்தக் காதுக்குப் போனது. "ஹீட்டரை நான் சரியாக மாட்டவில்லை" என்று நாலு வார்த்தை எழுதியிருந்தால் போதும். வெட்கத்தில், நேரில் சொல்கிறேன் என்று எழுதினேன்.

ஜனவரியில் புகார்ப் படிவம் நிரப்பி என் ஆபீசிலேயே கொடுத்தேன். ஏழாம் கேள்விக்கு "ஆம், என் அக்கா குடியிருந்தாள்" என்று எழுதினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது, நான் எழுதிவைத்த அதே கடிதம், பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு, 2007 மார்ச்சில் நான் கை வைத்த இருநூற்று அறுபத்து நாலு வண்டிகளை வாங்கியவர்களின் விலாசத்தை ஆபீஸ் கணினியிலிருந்து எழுதி எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்காக வேலை போனது. ஒவ்வொருவருக்கும் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன், நூற்றுப் பத்து முடிந்திருக்கிறது. காரணத்தை முதல் வரியிலேயே எழுதுகிறேன்.

போன வாரம் இங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு டீலர் முற்றத்தில் 4471 நின்றுகொண்டிருந்தது. கடன் கொடுத்தவன் திரும்ப எடுத்து விற்றிருக்கிறான். கண்ணாடியில் ஒரு அட்டை: "ஒரே உரிமையாளர். உல்லாசப் பயணத்துக்கு மட்டும். யாரும் குடியிருந்ததில்லை." வாங்க வந்தவன் மாதிரி நின்றேன். விற்பனைக்காரன் கதவைத் திறந்துவிட்டான்.

"உள்ள போய்ப் பாருங்க சார். ஒரு கீறல் கிடையாது, ஒரு கறை கிடையாது. யாருமே வாழாத வீடு மாதிரி இருக்கும்."

அவன் போனில் பேசப் போனதும் மூடியைக் கழற்றினேன். குழாயைத் திரும்பச் செருகி அதே இரண்டு திருகாணியைத்தான் போட்டிருந்தார்கள். மற்ற இரண்டும் என் சட்டைப் பையில் இருந்தன. போட்டு முறுக்கினேன். என் எழுத்து அப்படியே இருக்கிறது, காது உள்ள அந்தச் சிரிக்கும் முகமும். அதற்குக் கீழே என் அக்காவின் சரிந்த எழுத்தில் ஒரு வரி. எனக்கு அவள் எழுதாதது.

"சரி, வா. ரெண்டு தட்டு வைக்கிறேன்."

அந்த வண்டி முழுவதிலும் அவள் விட்டுச் சென்ற ஒரே அடையாளம் அதுதான். அழிக்கவில்லை. மூடியை மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

டீக்கன் இங்கேயும் உள்ளே வருவதில்லை. நான் கதவைத் திறந்தால் நிமிர்ந்து எனக்குப் பின்னால் பார்க்கிறது.

உங்கள் ஹீட்டரின் மூடியைக் கழற்றி எத்தனை திருகாணி இருக்கிறது என்று எண்ணிவிட்டு, மறு தபாலில் எழுதுங்கள்.

லோரன்